பூச்சி கடித்த இலைகள்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்காலைத் தவிர, அது யார் பேச்சையும் கேட்பதில்லை. உன் இருமல் விட்டதா, மாப்பிள்ளைக்குப் புது ஆபீஸ் ஒத்துப்போகிறதா, பேரனுக்கு முன்பல் முளைத்துவிட்டதா என்றெல்லாம் போனில் கேட்டாயிற்று, ஆனாலும் திரும்பக் கேட்காவிட்டால் கடிதம் மாதிரியே இருப்பதில்லை. போனில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காகத்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவைக் காகிதப்பூத் தொழிலை மூடவைத்து, இரண்டு பேரும் ஒரேயடியாக உன்னிடம் வந்துவிட வேண்டும் என்றாய், நானும் பக்குவமாகப் பேசி முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றப் போவதில்லை குட்டிம்மா. கோபப்படுவதற்கு முன்னால் முழுவதும் படித்துவிடு.

முப்பத்தொரு வருடம் பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன் நான். பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, கடுகளவு குமிழி தெரிந்தாலும் உடைக்கிற தொட்டியில் போட்டுவிடுவேன், பாட்டிலுக்கு எமன் என்றே எனக்குப் பட்டப்பெயர். வேலைதான் போயிற்று, கண் போகவில்லை. அம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து முப்பது தொட்டிச் செடிக்கு ஆர்டர் வந்தது, அந்த வார்டில் நோயாளிகளுக்கு ஆகாது என்று மண்ணையும் நிஜச் செடியையும் உள்ளே விடமாட்டார்களாம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் அவள் கம்பி வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம், அதுதான் எனக்கு வராதே. உன் பழைய அறையில் காயவைத்திருந்த காகித இலைகளை ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை விழுந்தது, ஓரம் பழுப்பேறியது, சுருண்டது என்று இருநூறுக்கு மேல் கழிவு தேறியது. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் அவளுக்கு டீயும் போட்டு வைத்தேன். வந்தவள் பார்த்தாள். கத்தவில்லை. அந்த ஓட்டை போடத்தான் எனக்கு ஒன்பது நாள் ஆச்சு, முப்பத்தொரு வருஷமும் இப்படித்தான் நல்லதையெல்லாம் உடைச்சுக்கிட்டிருந்தீங்களா என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

அன்றும் மறுநாளும் விடிய விடிய நான் எதிரில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக் கொடுத்தேன். ஊசியைச் சுடவைத்து அவள் ஓட்டை போடுகிறாள், அதுவும் கண்ட இடத்தில் இல்லை. பூச்சி நரம்பை விட்டுட்டு நடுவுலதான் தின்னும், உங்களுக்குத் தெரியாதா என்கிறாள். எனக்கெப்படித் தெரியும்? குளியலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிற செடியைப் பறித்து வந்து காட்டினாள், பதினோரு வருடமாக நான் வாளியோடு தாண்டிப் போகிற செடி, அவள் சொன்னபடியே நரம்பு நரம்பாக நின்றது. ஆறிய டீயில் விரலை நனைத்து ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள், என் கண்ணெதிரிலேயே அந்தக் காகிதத்துக்கு வயதாகிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் சிரிப்பாய், சிரித்துக்கொள். முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியும் இந்த மனுஷி யாரென்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

திங்கட்கிழமை கொடுத்துவிட்டோம். மூன்றாவது வாரம் தலைமை நர்ஸ் போன் செய்து கத்தினார், பத்துத் தொட்டியில் இலையெல்லாம் கூழாகித் தொங்குகிறது, பச்சைச் சாயம் தரையெல்லாம் வழிகிறது, என்ன வேலை இது என்று. அம்மா முகம் செத்துப்போயிற்று. நம்ம பொண்ணு சொல்றதுதான் சரி, மூடிடலாங்க என்றாள். உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்காமலே வேலை முடிந்ததே என்று ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மறுநாள் காலை இருவரும் போனோம். வராந்தாவில் ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு பெரியவர், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் டம்ளரோடு, தொட்டி தொட்டியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிறார். நர்ஸ் ஓடிவந்து, இது பேப்பருய்யா என்று டம்ளரைப் பிடுங்கப் போனார். அவர் விடவில்லை. பேப்பருக்கு எதுக்கும்மா பூச்சி வரப்போகுது, இங்க பாரு எப்படிக் கடிச்சு வச்சிருக்கு, பாவம், கேக்க ஆளில்லாம வாடுது என்று இலையைத் திருப்பிக் காட்டினார். நான் குப்பையில் போட்டேனே, அதே மாதிரி ஓர் இலை. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் அவர் பக்கத்தில் போய், தினம் வேணாங்கய்யா, வேர் அழுகிடும், வாரத்துக்கு ஒருக்கா போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள். நானும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அதற்குப் பிறகு யாரும் புகார் பேசவில்லை.

குறையில்லாமல் செய்வதுதான் தொழில் என்று நினைத்தே நான் ஓய்வு பெற்றேன், பக்கத்திலேயே ஒருத்தி குறையைக் கும்பிட்டுக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது இலைக்கு மெழுகு பூசுகிறாள், அந்தப் பெரியவர் தண்ணீர் ஊற்றினாலும் தாங்கும். மூடுகிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நான் எடுக்கமாட்டேன், நீயும் எடுக்காதே. எங்களுக்கென்று ஒழித்து வைத்த அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டு வை, விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம். உன்னோடு இருக்க ஆசையில்லாமல் இல்லை, அதை எழுதும்போதே கண் கலங்குகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நூறு வருடம் வாழ வேண்டும், மனிதர்களுக்கு மட்டும் அப்படி வாழ்த்தலாம் என்று அம்மா அனுமதித்திருக்கிறாள். வெந்நீர் குடி, இருமலை அலட்சியம் செய்யாதே. இதோடு ஓர் இலை வைத்திருக்கிறேன், பத்திரமாகப் பிரி. நான் செய்த பதினாலாவது இலை. வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஓர் ஓட்டை, ஒரு கறை இருக்காது. அதனால்தான் அம்மா கழித்துவிட்டாள்.

இப்படிக்கு,
இலை பழகும் உன் அப்பா