கன்னத்தில் ஒதுக்கிய காய்

துன்முகி, ஐப்பசி 9, வியாழன்.

ஏலக்காய் நிறுக்கிற இடத்தில் கங்காணி என் மகள் செல்லத்தின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "காய வாயில ஒதுக்கிட்டியாக்கும், துப்புடி" என்றார்.

அவள் எல்லார் முன்னும் வாயைத் திறந்து காட்டினாள். "காயா இருந்தாத் துப்பிருவேன் அண்ணே" என்றாள்.

நானும் பத்து நாளாக அதை வெற்றிலை என்றே நினைத்திருந்தேன்.

போன வருசம் மதுரையில் அதே தாடைக்குள் இருந்த நீர்க்கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். கட்டியின் பையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் மறுபடி வளர்ந்து எலும்பைத் தின்னும், வீங்கினால் உடனே வரவேண்டும் என்றார் டாக்டர். அன்று கூட்டிப்போக என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார்.

லீவு கேட்டேன். "காயெடுப்பு முடியாம மலைய விட்டு எறங்குனா தோட்டத்து வீட்டக் காலி பண்ணிரு ஆத்தா" என்றார் கங்காணி. எடுப்பு முடியத் தை ஆகும்.

வீங்காத கன்னம் எனக்குத் தெரிகிற மாதிரி செல்லம் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை.