எதிர்த்துப் பேசாத குரல்

ஜூன் 4

நாள் முழுக்க ஒரு வங்கிக்காக ‘தயவுசெய்து காத்திருங்கள்’. போனில் பேசும் இயந்திரக் குரல்களைச் செய்வதுதான் என் பிழைப்பு. யார் எவ்வளவு திட்டினாலும் கோபம் வராத குரல் வேண்டுமாம். அதற்கென்ன, செய்யலாம். மனிதர்களோடு மல்லுக்கட்டுவதைவிட இது எளிது.

மாலையில் வக்கீல் போன் செய்தார். மாமாவோடு, அதாவது அக்கா கணவரோடு, சேர்ந்து பாட்காஸ்ட் நடத்தியவர். ஒரு பழைய ஹாலிவுட் இயக்குநரின் த்ரில்லர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, அக்கா வீட்டுப் பின்னறையில் இருவரும் அடித்துக்கொள்வார்கள். பதிவை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றுவது நான். போன மாதம் மாமா இறந்தபோது கடைசி எபிசோட் பாதியில் நின்றது.

“அதை முடிச்சிடணும் தம்பி. அவர் சொல்ல வேண்டிய பதில் ஒண்ணுதான் பாக்கி.”

“செத்தவர் எப்படி சார் பதில் சொல்வாரு?”

“குரல் செய்யற ஆளு நீ, என்னைக் கேக்கற?”

ஜூன் 5

செய்ய மாட்டேன்.

ஜூன் 7

பாதி எபிசோடைக் கேட்டேன். இறந்துபோனவளின் சாயலில் இன்னொருத்தியைக் கண்டுபிடித்து, உடுப்பு, முடி, நடை என்று ஒவ்வொன்றாக மாற்றி, அவளைப் பழையவளாகவே ஆக்கப் பார்ப்பவனைப் பற்றிய படம். வக்கீல் கேட்கிறார்: “அவன் நேசிச்சது யாரை? அவளையா, அந்த உடுப்பையா?”

மாமா: “இருய்யா. தண்ணி குடிச்சுட்டு வந்து சொல்றேன்.”

அவர் திரும்பி வருவதற்குள் வக்கீலுக்கு ஏதோ அவசரம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் மாமாவின் இதயம் நின்றுவிட்டது.

மாமா தண்ணீர் குடிக்க எழுந்துபோன பிறகும் மைக் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. திரையில், பேச்சில்லாத இடத்துக்கான தட்டையான கோடு, நடுவே சின்னச் சின்னப் புடைப்புகள். இந்த மாதிரி இடங்களை நான் கேட்பதே இல்லை. பார்த்த மாத்திரத்தில் வெட்டுவேன். இதை ஏனோ இன்னும் வெட்டவில்லை.

ஜூன் 10

செய்துவிட்டேன்.

பழைய எபிசோடுகள் எல்லாவற்றையும் குரல் செய்யும் மென்பொருளுக்குக் கொடுத்தேன். இனி நான் டைப் செய்வதை மாமா பேசுவார். முதலில் ‘டெஸ்ட்’ என்று அடித்தேன். சொன்னார். அப்புறம், என்னைப் பார்த்ததும் எப்போதும் கேட்பாரே, அது: “என்ன மச்சான், சம்பளம் ஏறிச்சா?”

அடித்தது நான். ஆனாலும் “இல்ல மாமா” என்று வாய்விட்டுச் சொன்னேன். சீ.

ஜூன் 12

அக்காவுக்குத் தெரியாமல் ஏற்றுவது சரியில்லை. கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“இவ்ளோ வேகமா பேச மாட்டாருடா.”

வேகத்தைக் குறைத்தேன்.

“இது காலைக் குரல். சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டும்போது ஒரு குரல் வருமே, அது வேணும்.”

கரகரப்பைக் கூட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூன் 16

தினமும் கூப்பிடுகிறாள். மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டிருக்கிறாள். “மூக்கடைப்பு ஜாஸ்தியா இருக்கு, குறை.” “என் பேரைச் சொல்லும்போது கடைசில இழுப்பாரு, இழு.”

குறைத்தேன். இழுத்தேன். சட்டென்று கை நின்றுவிட்டது. அந்தப் படத்தில் கடைக்காரி எடுத்துக் காட்டும் ஒவ்வொரு உடுப்பையும் ‘இது இல்லை, இது இல்லை’ என்று அவன் தள்ளுவானே — நாங்கள் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். கடைக்காரி நான்.

ஜூன் 19

ஆபீசில் இருக்கும்போது அக்காவின் போன்.

“மாமாகிட்ட குடு.”

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காத்திருந்தாள்.

ஜூன் 21

நேரடியாகவே சொன்னேன். “அக்கா, அது மாமா இல்ல. நான் டைப் பண்றேன்.”

“தெரியும்டா. எனக்கென்ன பைத்தியமா? நீ பாட்டுக்குப் பண்ணு.”

பிறகு ஸ்பீக்கரைப் பார்த்து ஆரம்பித்தாள். “மாத்திரை போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? கேட்டீங்களா? இப்ப நான் என்ன பண்றது, சொல்லுங்க.”

என்னத்தை அடிப்பது? ‘என் தப்புதான்’ என்று அடித்தேன். குரல் குழைந்து சொன்னது.

அக்கா ஸ்பீக்கரை விட்டு என் பக்கம் திரும்பினாள். “அவரா? தப்புன்னு ஒத்துக்கிட்டாரா? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவை ஒத்துக்கிட்டதில்ல.”

“சரி, மாத்தறேன். என்ன சொல்வாருன்னு சொல்லு.”

ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

“தெரியலடா. அவர் என்ன சொல்வாருன்னு எனக்கு எப்பவுமே தெரியாது.”

அந்த வங்கிக்குச் செய்த குரலைத்தான் மாமாவுக்கும் செய்திருக்கிறேன். திட்டினால் கோபம் வராது.

ஜூன் 22

அழிக்கப் போனேன். ‘நிச்சயமாகவா?’ என்றது கணினி. மூடிவைத்துவிட்டேன்.

ஜூன் 25

வக்கீலிடம் சொல்லிவிட்டேன்: பதிவு எங்கே நிற்கிறதோ அங்கேயே எபிசோடும் நிற்கும். “கேள்வி அந்தரத்துல தொங்குமே தம்பி” என்று முனகினார். தொங்கட்டும்.

ஏற்றுவதற்கு முன், வெட்டாமல் விட்ட அந்தத் தட்டைக் கோட்டை அக்காவோடு உட்கார்ந்து கேட்டேன். நானும் முதல் தடவையாக.

நாற்காலி நகர்கிறது. காலடிகள். தூரத்தில் குழாய் திறக்கும் சத்தம். அக்காவின் குரல், எரிச்சலாக: “குடிச்ச டம்ளரைக் கழுவி வைங்க.”

மாமா: “முடியாது. வேணும்னா கேஸ் போடு. வக்கீல் உள்ளதான் உட்கார்ந்திருக்கார்.”

இதை நான் ஜென்மத்துக்கும் டைப் செய்திருக்க மாட்டேன்.

அக்கா சிரித்துவிட்டாள். “திமிரைப் பாரு.” அப்புறம்தான் அழுதாள்.

“இன்னொரு தடவை போடட்டுமா?”

“வேணாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

செய்த குரலை அழித்தேன். மறுபடி கேட்டது கணினி. நிச்சயமாகத்தான்.

கணினியை மூடிய பிறகும் குழாய்ச் சத்தம் கேட்டது. இன்னும் ஓடுகிறதா என்று ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

“டேய்,” என்றாள் அக்கா சமையலறையிலிருந்து, “நீ குடிச்ச டம்ளர் எங்க?”