கொடிமரத்தடியில் நின்றவள்

அடிக்கவும் அணைக்கவும் உரிமை இருந்த என் அக்காவுக்கு,

உன் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான்தான். உன் கல்யாணத்துக்கு அந்தச் சர்ச் வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று வீறாப்பாக வீட்டில் உட்கார்ந்திருந்த அதே தம்பி. சிரிக்காதே.

மாமாவுக்கு அன்று சென்னை பஸ்ஸில் டியூட்டி. லீவு கிடைக்கவில்லை. "மச்சான், வருஷா வருஷம் அவ கூட்டிட்டுப் போவா. இந்த வருஷம் விட்டுடலாம்னா ஜெனி அழுவுறா. நீ போறியா?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். ஆடியில் நீ காய்ச்சலில் போன பிறகுதான் உன் பிள்ளைகளின் முகத்தையே நான் சரியாகப் பார்த்தேன். எட்டு வருஷக் கோபத்தில் நான் சம்பாதித்தது அவ்வளவுதான். ஆறு வயதுக்காரி கேட்கும்போது முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

வேங்கிக்காலிலிருந்து பைக்கில் கிளம்பினோம். முன்னால் குல்லாவோடு உன் மகன் ஆல்வின், பின்னால் ஜெனி. பனி கொட்டியது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் அதே நினைப்பு. சர்ச் வளாகத்துக்குள் நுழைந்து கொடிமரத்தைக் கண்டதும் ஜெனி நின்றுவிட்டாள். "மாமா, இதான் கொடிமரம். இங்க..." என்று ஏதோ சொல்ல வந்தாள். உள்ளே இடம் போய்விடுமே என்ற அவசரம் எனக்கு. "அப்புறம் சொல்லு, வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்படியும் உட்கார இடம் கிடைக்கவில்லை. சுவரோரமாக நின்றோம். ஆல்வின் என் தோளிலேயே தூங்கிப்போனான். அவனைத் தாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ளும்படி ஜெனியிடம் சொன்னேன். குழந்தை இயேசு பிறக்கும் நேரம் என்று பன்னிரண்டு மணிக்கு விளக்கையெல்லாம் அணைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? திடீரென்று கும்மிருட்டு. மணி அடிக்கிறது, வெளியே வெடி வெடிக்கிறது, ஆல்வின் அலறிக்கொண்டு எழுந்துவிட்டான். அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு வந்தது. எல்லோரும் பாடினார்கள். என் சட்டையை யாரும் பிடித்திருக்கவில்லை.

அக்கா, ஜெனியைக் காணவில்லை.

பேட்ஜ் குத்திக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ஓடினேன். "என்ன டிரெஸ்ங்க போட்டிருக்கு?" என்றார். வெள்ளைக் கவுன் என்றேன். சொன்ன பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். அங்கிருந்த பாதிப் பெண்பிள்ளைகள் வெள்ளைக் கவுனில்தான் இருந்தார்கள். "நீங்க எந்த அன்பியம்?" என்றார். தெருவாரியாகக் குடும்பங்களைப் பிரித்து அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களாமே, எனக்கு என்ன தெரியும்? மாமா பெயரையும் உன் பெயரையும் சொன்னேன். அவருக்கு உன்னைத் தெரிந்திருந்தது. முகம் மாறிவிட்டது.

"நீங்க யாருங்க?"

"அவங்க தம்பி."

"தம்பியா? நான் உங்கள பாத்ததே இல்லையே."

குத்திக்காட்ட நினைத்து அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் குத்தியது.

மைக்கில் சொல்லச் சொல்கிறேன், இங்கேயே இருங்கள் என்று அவர் போனார். என்னால் நிற்க முடியவில்லை. குடில் பக்கம் பார்த்தேன், செருப்புக் குவியல் பக்கம் பார்த்தேன். பக்கவாட்டுக் கதவு வழியாக ரோட்டுக்கே ஓடினேன். பனியில் லாரி வருவதுகூட அருகில் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆல்வின் அழுதுகொண்டே இருந்தான். மாமாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மனுஷனிடம் என்னவென்று சொல்வது? திரும்பப் பையில் போட்டேன். 'அண்ணாமலையாரே' என்றுதான் வாயில் வந்தது. சர்ச் வாசலில் நின்று அவரைக் கூப்பிடலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

திரும்பி உள்ளே ஓடும்போது கண்டேன். கொடிமரத்துப் பீடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை.

"இருட்டுல உங்க சட்டைன்னு வேற யாரோ சட்டைய புடிச்சிட்டேன் மாமா. அதான் இங்க வந்துட்டேன். தொலைஞ்சா கொடிமரத்தாண்ட போய் நிக்கணும், அங்க வந்து கூட்டிப்பாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க." என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு அம்மா சொல்லலையா?"

சொல்லியிருக்கிறாய். தீபத்தன்று அண்ணாமலையாரின் பெரிய கோயில் கூட்டத்தில் நான் தொலைந்துபோனேனே, எனக்கும் அப்போது ஆறு வயதுதான். வளையல் கடையில் அழுதுகொண்டிருந்தவனைக் கண்டுபிடித்து, முதலில் ஒரு அறை விட்டாய். பிறகு இழுத்துப்போய்க் கொடிமரத்தைக் காட்டினாய். "இனிமே தொலைஞ்சா இங்க வந்து நில்லு. நான் வருவேன்." அதை எப்படி மறந்தேன் அக்கா?

காலையில் மாமா வந்ததும் எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கல்யாணத்தன்னைக்கு போட்டோலாம் எடுத்து முடிச்சப்புறமும் உங்கக்கா அந்தக் கொடிமரத்தாண்டதான் மச்சான் நின்னுட்டிருந்தா. சரியான வெயிலு. எல்லாரும் மண்டபத்துக்குப் போயிட்டாங்க. வா போலாம்னா, 'இருங்க, தம்பி வருவான்'னா."

அந்த நேரத்தில் நான் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றாய் என்று மாமாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் நான்தான் கூட்டிப் போவேன். பெரிய கோயில் தீபத்துக்கும் நான்தான். ஜெனி ஏதாவது சொல்ல வந்தால், நின்று முழுசாகக் கேட்பேன். உன் பிள்ளைகள் எங்கே காத்து நின்றாலும் அங்கே வந்துவிடுவேன். உன்னை நிற்க வைத்த மாதிரி அவர்களை நிற்க வைக்க மாட்டேன்.

கொடிமரத்தடிக்கு எட்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்த
உன் தம்பி,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்.