டிம் சம் வகுப்பில் என் அண்ணி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நேற்று வகுப்பு முழுக்க உங்கள் பக்கத்திலேயே நின்றும் அதைக் கேட்காதவள் நான். போன் செய்ய வாய் வரவில்லை. முகவரி பழையதுதான் என்று நம்பி எழுதுகிறேன்.

அந்தச் சீனக் கொழுக்கட்டை டிம் சம் வகுப்புக்கு என்னை இழுத்து வந்தது, அண்ணன் இப்போது கட்டியிருக்கும் புது அண்ணி. என்னைவிடச் சின்னவள். தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சேர்ந்து வருகிறவர்களைப் பிரித்து நிறுத்துவது அந்த டீச்சரின் வழக்கமாம். ஒருவர் மாவை வட்டமாகத் தேய்க்க, மற்றவர் பூரணம் வைத்து மடிக்க வேண்டும். என் ஜோடி யாரென்று நிமிர்ந்தால், ஏப்ரன் கட்டிக்கொண்டு நீங்கள்!

"தெரிஞ்சவங்களா?" என்று புது அண்ணி பின் மேசையிலிருந்து கேட்டாள். அண்ணன் உங்கள் படம் ஒன்றைக்கூட வீட்டில் விட்டுவைக்கவில்லை. அவளுக்கு உங்கள் முகம் தெரியாது. "இல்லையே, இப்பத்தான் பாக்குறேன்" என்றேன். சீ, எப்படித்தான் வந்ததோ அந்தப் பேச்சு! அம்மா இல்லாத எனக்கு டைபாய்டு வந்தபோது, நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் தலைமாட்டிலேயே கிடந்தவர் நீங்கள்.

நீங்களோ, நான் மடித்துப் பிளந்துபோனதை வாங்கி, ஈர விரலால் ஓரத்தை ஒட்டி மூங்கில் கூடையில் வைத்தீர்கள். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம். மன்னிப்பீர்களா?

உங்கள்
வாலு


பிப்ரவரி 13

அடி வாலு,

காலையில் பையில் போட்டுக்கொண்ட உன் கடிதத்தை டூட்டி முடிந்து திரும்பும்போது படித்தேன். அழுதேனா என்று கேட்பாய். பஸ்ஸில் அழுதேன், போதுமா?

கோர்ட்டில் தீர்ந்தது எனக்கும் உன் அண்ணனுக்கும்தான், உனக்கும் எனக்கும் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பட்டென்று சொன்னாய் பார், அதுதான் தாங்கவில்லை.

நான் வகுப்பை விடப்போவதில்லை. ஒற்றை ஆளுக்கு என்ன சமையல் என்று ரொட்டியும் முட்டையுமாய்த் தின்று நாக்கு செத்துப்போனதால்தான் சேர்ந்தேன். நீ வந்தால் என்னைத் தெரிந்தவளாக வா. முடியாவிட்டால் வராதே.

பதில் போடும் அளவுக்கு இன்னும் பாசம் உள்ள
அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன், ஆனால் அந்த லட்சணத்தை நீங்களே பார்த்தீர்கள். புது அண்ணியிடம் வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாரம் முழுக்க வாயைத் திறக்கத் தைரியம் இல்லாமல், நேற்று அடுப்பைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போதா உடைப்பேன்? "இவங்க என் அண்ணி. போன வாரம் பொய் சொல்லிட்டேன்!"

"அப்ப அவங்க?" என்று டீச்சர் புது அண்ணியைக் காட்டினார். "அவங்களும் அண்ணிதான்" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவள் முகம் செத்துப்போய், ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வெளியே போனாள். நீங்கள்தான் பின்னாலேயே போனீர்கள். போக வேண்டியவள் நான். ஆணி அடித்த மாதிரி நின்றேன்.

திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஒருத்தியை அவமானப்படுத்தியது போதாதென்று இன்னொருத்தியையும் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன். உங்கள் இருவர் முகத்திலும் எப்படி முழிப்பேன்? வகுப்பை விட்டுவிடுகிறேன். அவளிடம் என்ன பேசினீர்கள்?

வாலு


பிப்ரவரி 20

அடி வாலு,

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூக்கைத் துடைக்க என் ஏப்ரனை நீட்டினேன். "நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்க்கா" என்றாள். பிறகு மெல்ல, "அவரு உங்ககிட்டயும் சாப்பிட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாமத்தான் எழுந்து போவாரா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

டீச்சரிடம் சொல்லி மேசை மாற்றிக்கொண்டோம். இனி அவள் தேய்ப்பாள், நான் மடிப்பேன். உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது, ஆனால் உன் பக்கத்தில் நிற்க இன்னும் மனசு வரவில்லை. அதை மறைக்க எனக்குத் தெரியாது.

அதற்காக ஓடிப்போகாதே. கதவோர மேசையில் ஒரு பல் டாக்டர் ஜோடியில்லாமல் நிற்கிறார், வாய் ஓயாமல் பேசுவார். அவரோடு நில். எங்கள் கூடையிலிருந்து உனக்கும் ஒன்றிரண்டு வரும்.

"அவங்கள என்னக்கா பண்றது?" என்று அவள் உன்னைப் பற்றிக் கேட்டாள். கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணி