ரதி வேசம் கட்டிய பிட்டர்

கல்லுமலைத் தோட்டம்,
ஹட்டன்.
22 ஜனவரி 1955

அன்புள்ள செல்லசாமி மாமாவுக்கு,

நல்லமுத்து பிட்டரின் மகள் பூரணி வணக்கத்துடன் எழுதுவது. நடந்தவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே எழுதுகிறேன். அப்பா செய்த பிழையையும் மறைக்கப் போவதில்லை. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

இங்கே அனைவரும் சுகம். பனியில் கொழுந்து கருகிவிட்டதால் தேயிலை ஸ்டோரில் எந்திரங்களுக்கும், அவற்றைப் பழுது பார்க்கும் அப்பாவுக்கும் வேலை குறைவு. கிளிநொச்சி அரிசி ஆலையில் உங்களுக்கு வேலை எப்படி? வெயில் பழகிவிட்டதா?

சென்ற வாரம் நுவரெலியாவில் எங்கள் பிரஜாவுரிமை விசாரணை நடந்தது. யுத்த காலத்தில் எங்கே இருந்தாய் என்று விசாரணை ஐயா கேட்டார். அப்பா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலத் தொடங்கினார். பம்பாய்ப் பக்கம் குண்டுத் தொழிற்சாலைக்குக் கப்பலேறிப் போனது, லேத்தில் பீரங்கிக் குண்டின் கூடு கடைந்தது, மயிரிழை பிசகினாலும் துரை தூக்கி எறிவது, தான் கடைந்ததில் ஒன்றுகூட எறியப்படாதது என்று எல்லாம் சொன்னார். மொழிபெயர்த்தவருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில், “ஒன்றரை வருசங்க. ஒரு நாள் லீவு எடுக்கலீங்க!” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

உழைப்பைச் சொன்னால் ஐயா மெச்சுவார் என்று நினைத்திருக்கிறார். ஆனால் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இலங்கையை விட்டுப் போயிருந்தால் விண்ணப்பம் செல்லாதாம். ஐயா ஒன்றரை வருடம் என்றே எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் அம்மா பொரிந்து தள்ளிவிட்டார். “லீவே எடுக்காதவரு, நடுவுல அந்த மாசியில எஞ் சீலையக் கட்டிக்கிட்டு மன்மதனுக்காக மாரடிச்சு அழுதது யாரு? ஒங்க ஆவியா?” என்றார். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா குரலைத் தாழ்த்தி, “எங்க அண்ணன் செத்துட்டாருன்னு தந்தி அடிக்க வச்சு வாங்குன லீவு புள்ள. அத ஆபீசுல எப்படிச் சொல்றது?” என்றார். “செத்தவரு நேத்தும் நம்ம வீட்டுல நாலு ரொட்டி தின்னாரு” என்றார் அம்மா.

மறுநாள் அப்பா தனியே போய் உண்மையைச் சொன்னார். தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேசம் கட்ட வந்துவிட்டு மறுபடி கப்பலேறினேன், இரண்டு தடவையும் ஒரு வருடத்துக்குள்தான் என்றாராம். ஐயாவும் சிரித்துவிட்டாராம். ஆனால் மனைவி சொல் போதாது, கண்ணால் கண்ட வெளியாள் ஒருவர் வரவேண்டும் என்று மார்ச் நான்காம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறார்.

மாமா, அந்த வருடம் மன்மதன் நீங்கள்தானே? காமனை எரித்த இரவில்தான் அத்தைக்கு வலி கண்டதாம். நீங்கள் முகத்துச் சாயத்தோடு மருத்துவச்சி வீட்டுக்கு ஓட, ரதி வேசத்தில் இருந்த அப்பா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாந்தரோடு முன்னால் ஓடினாராம். “பொம்பள மாதிரி ஓடு அண்ணே!” என்று நீங்கள் சிரித்ததை அம்மா இன்றும் சொல்வார். விடியும்போது அழகன் பிறந்தான். அவன் பிறப்புப் பதிவில் அந்த வருடமும் மாதமும் இருக்கும். உங்களைவிட நல்ல சாட்சி எங்களுக்கு யார்?

உங்களுக்கு எழுதுங்கள் என்று அப்பாவிடம் அம்மா இரண்டு முறை சொன்னார். “அவன் மனுவத் தள்ளிட்டாங்க. தோட்டத்த விட்டே போயிட்டான். அவங்கிட்ட எனக்கு வந்து சாட்சி சொல்லுன்னு எந்த மூஞ்சியோட கேக்குறது?” என்று ஸ்டோருக்குப் போய்விட்டார். அன்று கொழுந்து அரைக்கும் ரோலரை, பழுதே இல்லாததைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாராம்.

எனக்கும் எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். இந்த மனுவும் தள்ளுபடியானால் நாங்கள் எந்த நாட்டவரும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் மனுவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வழி உண்டா என்று எங்கள் ஆசிரியரிடம் விசாரித்திருக்கிறேன். கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். நானே நல்ல கையெழுத்தில் எழுதித் தருவேன்.

அத்தையையும் அழகனையும் கூட்டி வாருங்கள். நீங்கள் ஹட்டன் ஸ்டேசனில் இறங்கினால் அப்பா எதுவும் பேசமாட்டார். உங்கள் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வார். அதையே அவர் கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள் மாமா.

மாரியம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

உங்கள் பிள்ளை போன்ற,
பூரணி

அப்பா ஸ்டோர் எஞ்சினை நிறுத்திவிட்டார். அங்கே விளக்குகள் அணைந்துவிட்டன; அவர் வீட்டுக்கு வருமுன் இதை ஒட்டிவிடுகிறேன்.