பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்

தென்காசி,
ஜூலை 17, வியாழன்

அன்பு மகன் பாரூக்குக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், சண்டிகரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்க துஆச் செய்கிறேன். சாரல் பிடித்துவிட்டது, அருவிக்குப் போகிற கார்களால் மேலகரம் தாண்டவே அரை மணி ஆகிறது. சித்திக்கு ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். வாப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், இது அவர் காதில் விழக் கூடாது, அதோடு நான் பேசத் தொடங்கினால் உனக்கு உடனே வகுப்பு வந்துவிடும்.

உன் நூலகப் படிப்புக்காக, வாப்பா பார்த்துக்கொள்கிற நம் தெரு வாசகசாலையைப் பற்றி எழுதிய அறிக்கையை அவருக்கு அனுப்பியிருந்தாயே, அவர் அதில் தன் போட்டோவைப் பார்த்துவிட்டு டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். இங்கிலீஷ் அவருக்கு வராது. எனக்கும் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பக்கத்தையும் ஒன்பது நாளில் படித்து முடித்தேன். பதினோராம் பக்கத்தில், இந்த நூலகத்துக்குப் பெண் வாசகர்கள் எவரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஏலே, உன்னைப் பெற்றவள் அடுப்படியில் உட்கார்ந்து படிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன்தானே நீ, அந்தப் புத்தகமெல்லாம் அரிசி மூட்டையோடா வந்தது?

உன்மேல் குற்றமில்லை என்று எழுத நினைத்தேன், எழுத மாட்டேன், குற்றம் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகு வாசகசாலையின் பின்கதவை நான் திறந்து வைக்கிறேன். தெருப் பெண்கள் வந்து எடுத்துப் போவார்கள், அடுத்த வெள்ளி கொண்டுவந்து வைப்பார்கள். பதிவேட்டில் எழுதுவதில்லை, ஏனென்றால் கமிட்டி நாசர் அந்த நோட்டை வாராவாரம் புரட்டுகிறவர், யார் வீட்டுப் பெண் என்ன படிக்கிறாள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வாப்பாவுக்கு இது தெரியுமா என்று நான் கேட்டதில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் வாசகசாலைச் சாவியை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். நீயோ ஏழு வயதிலிருந்து அவர் கையைப் பிடித்து ஜும்ஆவுக்குப் போனவன், பார்த்திருக்க முடியாது. சரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெருநாள் லீவில் வந்து பத்து வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டி, ஒரு தடவைகூட இரவல் போகாதவை என்று இருநூற்றுப் பதினேழு புத்தகங்களைப் பட்டியல் போட்டாய். களையெடுப்பு என்று உன் பாடத்தில் பெயராம். நான் சித்தியோடு கடையநல்லூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நாலாம் நாள் வந்து பார்த்தால் இரண்டு அலமாரி காலி, பிரசவம், தையல், கதைகள் எல்லாம் இருந்த எங்கள் அலமாரி. "மதினி, செத்த புத்தகத்தை எல்லாம் லோடு ஆட்டோல ஏத்தி செங்கோட்டைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியாச்சு, இப்பதான் ரூமே காத்தாடுது" என்று நாசர் பெருமையாகச் சொன்னார். மறுநாளே செங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். "லாரி ஏறி கேரளா போயிட்டும்மா, இன்னேரம் கூழாயிருக்கும்" என்று கடைக்காரர் கையை விரித்தார்.

அதில் ஒரு பிள்ளை எடுத்துப் படித்த பாடப்புத்தகங்கள் நாலு போய்விட்டன. பெயர் எழுத மாட்டேன். பிளஸ் ஒன்னோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்த பிள்ளை, பன்னிரண்டாவதைத் தனியாக எழுத மாமியாருக்குத் தெரியாமல் இரண்டு வருஷம் படித்தாள். நோட்டு வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பாடத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறிப்பு எழுதுவாள், தையல் அளவுத் தாளில் அட்டை போட்டிருப்பாள். புருஷன் துபாயிலிருந்து பெருநாளுக்கு வருகிறான் என்று நோன்பின் கடைசி வெள்ளியில், "அவுக போனதும் எடுத்துக்கிடுதேன் மாமி" என்று திருப்பி வைத்தாள். சேதப்படுத்தப்பட்ட நூல்கள் என்று உன் பட்டியலில் நாலு புத்தக எண் போட்டிருக்கிறாயே, அவைதான். நான் புதுசு வாங்கிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எழுதினது ஒன்னுமே இல்லியே மாமி" என்றாள். துணைத் தேர்வுக்கு அவள் போகவில்லை. விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் துபாய்க்குப் போகிறாள்.

இப்போது உன் பேராசிரியர் கேட்கிறார் என்று, ஏன் நூலகத்துக்கு வருவதில்லை என ஐந்து பெண்களிடம் எழுதி வாங்கி மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்கிறாய், இல்லாவிட்டால் மார்க் போய்விடும் என்கிறாய். போகட்டும். வாங்கித் தர மாட்டேன், இந்தக் கதையை அவரிடம் சொல்லவும் உனக்கு அனுமதி இல்லை.

உன் வரியைப் படித்த கோபத்தில் நானும் ஒன்று செய்தேன். போன வாரம் திங்கள் சாயங்காலம், ஆண்கள் பேப்பர் படிக்கிற நேரத்தில் முன்வாசல் வழியாகப் போய், ஒரு புத்தகத்தை எடுத்து வாப்பா மேஜையில் வைத்து, பதிவேட்டில் என் பெயரை எழுதினேன். வாப்பாதான் பேனாவை நீட்டினார். "என்ன மதினி, அண்ணன் கொண்டாந்து தரமாட்டாகளா, அடுப்பை யாரு பாக்கா?" என்று நாசர் சிரித்தார். "நீங்க போயிப் பாருங்க, உப்பு சரியா இருக்கான்னு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன், ஜும்ஆ முடிந்து ஆண்கள் தெருவுக்குள் திரும்பும்வரை ஒருத்தியும் வரவில்லை. மாவு மில்லில் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டதற்கு, "நீங்க பேரு எழுதுனதுல இருந்து எல்லார் கண்ணும் அங்கனதான் இருக்கு மாமி, எங்களை விட்டுருங்க" என்றாள். நீ புத்தகங்களை அனுப்பினாய், நான் ஆட்களை அனுப்பிவிட்டேன். இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உத்தியோகத்தையும் தரட்டும். வாப்பாவிடம் எப்போதும்போலப் பேசு. கடிதத்தைக் கிழித்துவிடு. மறக்காமல் அந்த வரியைத் திருத்து, பெண் வாசகர் ஒருவர் என்று. இன்றைய தேதிக்கு அதுதான் உண்மை.

உன் உம்மா
செய்யதலி பாத்து