அவள் மிகவும் சந்தோஷப்படுவாள்

வேங்கிக்கால்,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அபிநயா அக்காவுக்கு,

ரேணுகாம்பாள் மகள் கவிநிலா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நேற்று நடந்ததற்குப் பிறகு அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உங்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் மணிமொழியிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். போன மாதம் நீங்கள் அவித்த மல்லாட்டை கொடுத்தனுப்பியதும் அவளிடம்தான். போனில் அனுப்பினால் அம்மா பார்த்துவிடுவார்கள். அவர்கள் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை அம்மா மூன்று முறை கேட்டார்கள். "ஏங்க்கா, என்ன வேலைய விட்டு எடுத்தா நான் சந்தோஷப்படுவேன்னு மேடத்துக்கு எழுதினீங்களாமே? நல்லா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு டீம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டீர்கள். அம்மா என் பக்கம் திரும்பி, "லீவு குடுங்கன்னு தானேடி சொன்னேன்? இவ இன்னாமோ சொல்றாளே" என்றார்கள். நான் "தெரியலம்மா" என்றேன். எனக்குத் தெரியும் அக்கா.

உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. பார்சல் வாங்கியவர்களிடம் வீட்டிலிருந்தே போனில் தமிழில் பேசிக் குறை கேட்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்றுதான் டீம் லீடர் ஆக்கினார்கள். புனேயில் இருக்கும் மேடத்துக்குத் தமிழ் வராது. மேடம் மெசேஜ் அனுப்பினால் நான் தமிழில் சொல்வேன். அம்மா சொல்வதை நான் இங்கிலீஷில் அடிப்பேன். சாயங்காலம் வீடியோ கால் வந்தால் கேமராவில் தெரியாமல் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அம்மாவின் கால் கட்டைவிரலைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் யெஸ், இரண்டு தட்டு என்றால் நோ. அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

திங்கட்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் டவர் திணறி மேடத்தின் வீடியோ கால் இரண்டு முறை அறுந்துபோனது. அதனால் மெசேஜ் அனுப்பினார்கள். அபிநயா அடிக்கடி லீவு கேட்கிறாள் என்று எழுதி, கீழே 'ஷேல் வீ லெட் ஹர் கோ ஃப்ரம் ஃபிஃப்டீன்த்' என்று கேட்டிருந்தார்கள். பதினைந்தாம் தேதி உங்கள் தங்கச்சி வளைகாப்பு என்று எனக்கும் தெரியும். "பதினஞ்சுலேர்ந்து அபிநயா அக்காவ போக விடலாமானு கேக்கறாங்கம்மா" என்றேன்.

அம்மா எதையும் தனியாக முடிவு செய்ய மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். "ஆளு கண்ணு முன்னாடி இல்லல்ல, அதான் கேட்டுக் கேட்டு செய்யணும்" என்பார்கள். தங்களையும் சேர்த்து எட்டுப் பேரில் ஒருத்தர் வேணாம் என்றாலும் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மட்டும், "நல்ல காரியத்துக்குப் போறா. இதுக்கு யாரக் கேக்கறது? போவட்டும்னு போடு" என்றார்கள். நான் 'யெஸ் மேடம், ப்ளீஸ் லெட் ஹர் கோ' என்று அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஷீ வில் பீ வெரி ஹேப்பி' என்று நானாகச் சேர்த்தேன். அதை அம்மா சொல்லவேயில்லை.

இன்று ரேவதி மிஸ்ஸிடம், ஒரு ஆளைப் பற்றி 'லெட் கோ' என்று எழுதினால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். வேலையை விட்டு எடுப்பது என்றார்கள். அதை ஏன் மிஸ் போக விடுவது என்கிறார்கள் என்றேன். "மரியாதையா சொல்றாங்களாம்" என்றார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை அக்கா. நம் ஊரில் போக விடு என்றால், பாவம் விட்டுவிடு என்றுதானே அர்த்தம்?

உங்கள் இடத்துக்குத் திங்கட்கிழமை வேறு ஆள் வருகிறார்கள் என்று இன்றைக்கு மெசேஜ் வந்தது. அதற்குள் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான்கு முறை அடித்து நான்கு முறையும் அழித்தேன். அந்தப் போனில் நான் என்று எழுதினால் அது அம்மா. என் தப்பு என்று எழுதினாலும் அம்மாவின் தப்பு. எழுதியது பொண்ணு என்று சொன்னால், லீடருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது தெரிந்துவிடும். அம்மாவின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் உங்கள் வேலை திரும்ப வராது. யாரிடம் முதலில் சொல்வது? ஒரு நேரம் அம்மாவிடம் என்று தோன்றுகிறது, ஒரு நேரம் யாரிடமும் வேண்டாம் என்று தோன்றுகிறது. காலையில் அம்மா வேலை பிரித்துக் கொடுக்கும்போது வழக்கம்போல உங்கள் பெயரையும் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

இவ்வளவு எழுதும்போது அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்துவிட்டார்கள். நோட்டைக் கவிழ்த்துவிட்டேன். "இந்நேரத்துல இன்னாடி எழுதற?" என்றார்கள். இங்கிலீஷ் லெட்டர் ரைட்டிங் என்று பொய் சொன்னேன். என் தலையைத் தடவி, "நல்லா எழுது. உன் இங்கிலீஷ நம்பித்தான் நாங்க எட்டு பேர் கீறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்கள்.

எட்டு பேர் என்றுதான் சொன்னார்கள் அக்கா. ஏழு என்று சொல்லவில்லை.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அடிப்பார்களா, அழுவார்களா என்று தெரியவில்லை. அழுதால்தான் எனக்குப் பயம். மேடத்திடம் என்ன சொல்வது என்று அம்மா தனியாக முடிவு செய்ய மாட்டார்கள், முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். மணிமொழி ஊர் திரும்பி இது உங்கள் கைக்கு வரும்போது மணி ஆறாகிவிடும். அதற்குள் அம்மா எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்களோ. இதைப் படித்ததும் ஒரே ஒரு முறை எடுங்கள் அக்கா. என்னைத் திட்ட வேண்டும் என்றால் நானும் பக்கத்திலேயே இருப்பேன்.

உங்கள் தங்கச்சி வளைகாப்பு நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

கவிநிலா
பத்தாம் வகுப்பு